பிப்டி நின்ற வாசல்

வல்லாஹி, இனி வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. வுழுவோடு உட்கார்ந்து, கிப்லாவைப் பார்த்தபடிதான் இது எழுதப்படுகிறது. இடையில் ஒரு விறகுக் கிழவி வருவாள், அவளும் உண்மை. இரண்டு மாடுகள் பள்ளிவாசலில் சாட்சியாக நிற்கும், அவையும் உண்மை. மலை கொஞ்சம் கூடுதலாகச் செங்குத்தாகத் தோன்றினால் அது மலையின் குற்றம். எழுதுகிறவர் தலையில் போடக்கூடாது.

கல்முனைக்குடியில் அச்சிமுகம்மது என்று ஒரு வண்டிக்காரர் இருந்தார். முப்பத்தாறு வருஷம் மாடு பூட்டியவர். மாவடிப்பள்ளி வயல்களில் சூடு மிதித்த நெல்லை ஆலைக்கு ஏற்றுவது அவருடைய தொழில். மாட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. மாட்டைத் தவிர வேறு எதைப் பற்றியும் தெரிந்துகொள்ள அவருக்கு நேரம் கிடைக்கவுமில்லை. ஆகவே மனிதரையும் மழையையும் அரசாங்கத்தையும் அவர் மாட்டை வைத்தே விளங்கிக்கொள்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

சூறாவளி அடித்த மறுவருஷம் ஒரே மகள் சுல்பிகாவுக்குக் கலியாணம் பேசினார். ஊர் வழக்கப்படி, குடியிருந்த கல்வீட்டை மகளின் பெயருக்கு எழுதிவிட்டு, அவரும் மனைவி ஆயிஷா உம்மாவும் குசினிக்குப் பின்னால் சாய்ப்பாக ஒரு பத்தி இறக்கிக்கொண்டு அதில் படுத்தார்கள். மாப்பிள்ளை ஜவுபர், மருதமுனைத் தறிகளில் சாறன் எடுத்து மலைநாட்டில் விற்கிறவன். அவன் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. அவனுடைய வாப்பா மட்டும், "மகன் பஸ்ஸில மூட்டையத் தூக்கித் தூக்கி இடுப்பு முறிஞ்சி போறான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவருக்கு விளங்காவிட்டாலும் அச்சிமுகம்மதுவுக்கு விளங்கியது. வண்டி மாடுகளான கரியனையும் மயிலையையும் விற்று, ஐம்பது சீசீ மோட்டார் சைக்கிள் ஒன்று எடுத்துக் கொடுத்தார். ஊரில் எல்லாரும் அந்தச் சாதியை 'பிப்டி' என்றார்கள். சிவப்பு நிறம், ஓர் ஆட்டுக்கடாவின் உயரம். ஒரு சோடி மாட்டின் இடத்துக்கு வந்த சாமான் என்பதால் அச்சிமுகம்மது அதை மாடாகவே நடத்தினார். காலையில் அதன் முதுகை ஒரு தட்டுத் தட்டாமல் முற்றத்தைக் கடக்கமாட்டார்.

ஒன்றரை வருஷம் ஒரு குறையும் இல்லை. மாதம் இரண்டு தடவை ஜவுபர் சுபஹ் தொழுதுவிட்டு, நாற்பது சாறனைப் பிப்டியின் பின் கரியலில் கட்டிக்கொண்டு பண்டாரவளைக்குப் போவான். மூன்றாம் நாள் கரட்டும் லீக்ஸுமாகத் திரும்பி வருவான். சுல்பிகாவுக்கு ஏழு மாதம். வீட்டில் மாங்காய் ஒன்றும் தங்குவதில்லை.

பிசகு ஓர் ஊசியில் ஆரம்பித்தது.

ஒருநாள் காலை பிப்டியின் முதுகைத் தட்டியபோது அச்சிமுகம்மதுவின் உள்ளங்கையில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தார். சீற்றின் பின்பக்கம் கிழிந்திருந்த இடத்தில் ஒரு நீலத் துண்டு வைத்துத் தைத்திருந்தது. எறும்புகள் வரிசை பிடித்துப் போவது போன்ற தையல். மனைவியைக் கூப்பிட்டார்.

"புள்ள, இஞ்ச வா. இது ஆருட தையல்?"

ஆயிஷா உம்மா விரலால் தடவிப் பார்த்தார். "நம்மட மகளுட கை இல்ல. அவ தைச்சா பல்லி ஓடின மாதிரி இரிக்கிம்."

"உன்ட கையா?"

"எனக்கு ஊசிக் காது தெரிஞ்சி எத்தின வருஷம்."

"அப்ப ஆரு?"

"தையக்காரனுட்டக் குடுத்திரிப்பார்."

"தையக்காரன் மெசின்ல அடிப்பான். இது கையால தைச்சது. ஆறுதலா இரிந்து தைச்சது."

"ஆறுதலா இரிந்து தைச்சா உங்களுக்கென்ன, அவசரமா இரிந்து தைச்சா உங்களுக்கென்ன? வாய மூடுங்க. மகள் கேப்பா."

அவர் வாயை மூடினார். கண்ணை மூடவில்லை. பகல் சோற்றுக்கு இருந்தபோது மெல்லக் கேட்டார்.

"மருமகன், சீற் கிழிஞ்சி கிடந்திச்சே."

"ஓம் மாமா. மேல ஒரு ஆள் தைச்சித் தந்திச்சி."

"ஆள் எண்டா, ஆம்புளயா பொம்புளயா?"

"ஆள்தான் மாமா" என்று சொல்லிவிட்டு ஜவுபர் மீனில் முள் பார்த்தான். அது சூரை மீன். சூரையில் அவ்வளவு நேரம் பார்ப்பதற்கு முள் இல்லை.

இந்த இடத்தில் மாட்டுச் சாட்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கரியனும் மயிலையும் இளந்தாரிகளாக இருந்த காலத்தில், பெரிய வயல்காரரான ஒரு போடியார் அறுவடைக் காலம் முழுக்க அந்த வண்டியை வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டித் திரிந்தார். பிறகு ஒருநாள் போடியாரையும் அவருடைய மனைவியையும் அச்சிமுகம்மது அதே வண்டியில் ஒரு கலியாண வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனார். பாதி வழியில் ஒரு குறுகிய ஒழுங்கையைக் கண்டதும் மாடுகள் இரண்டும் ஒன்றாகத் திரும்பின. அவர் கயிற்றை இழுத்தார். இழுக்க இழுக்க அவை வேகமாக நடந்தன. ஒரு கிடுகு வேலி வாசலில் நின்று, கஞ்சித் தண்ணீருக்குக் காத்திருப்பவை போல இரண்டும் தலையைக் குனிந்தன. உள்ளேயிருந்து ஒரு பெண் வாளியோடு வந்தாள். போடியார் வானத்தைப் பார்த்தார். போடியாரின் மனைவி போடியாரைப் பார்த்தார்.

விசயம் பள்ளிவாசலுக்குப் போனது. பள்ளியை நடத்தும் மரைக்காயர்மார் கூடினார்கள். போடியாருக்கு அந்த வாசலில் பழக்கம் உண்டு என்று சொல்ல இரண்டு சாட்சி வேண்டும் என்றார்கள். வண்டியில் மாடு இரண்டு இருந்தது. அவற்றைப் பள்ளி வெளிவாசலுக்குக் கொண்டுவந்து கட்டியதும், போடியார் ஒரு முறை அவற்றின் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

அன்று முதல் அச்சிமுகம்மதுவுக்கு ஒரு கொள்கை. ஒருவன் எங்கே போய் வருகிறான் என்று அவனைக் கேட்கக்கூடாது. அவனைச் சுமந்து போவதைக் கேட்கவேண்டும்.

இப்போது அந்தக் கொள்கை அவருடைய சொந்த முற்றத்தில் சிவப்பாக நின்றது. மலையில் ஏதாவது ஒரு வாசலில் பிப்டி தானாக நின்றுவிட்டால், அவர் மரைக்காயரிடம் போயே ஆகவேண்டும். வீடு மகளுடையது. இறங்கிப் போகவேண்டியவன் மருமகன். அதன் பிறகு இரண்டு மாதத்தில் பிறக்கப்போகிற பிள்ளை, வாப்பா இல்லாத கல்வீட்டில் கண் விழிக்கும். இதில் இன்னொரு கஷ்டமும் இருந்தது. அவருக்கு ஜவுபரைப் பிடிக்கும்.

அடுத்த பயணத்துக்கு முதல்நாள் சொன்னார்.

"மருமகன், இந்த முற நானும் வாறன்."

"எங்க மாமா?"

"பண்டாரவளைக்கு. உருளக்கிழங்கு விதை எடுக்கோணும்."

"நம்மட கடக்கர மணல்ல உருளக்கிழங்கு வராது மாமா."

"வராட்டி விதையத் திண்டுட்டுப் போவம்."

"ரெண்டு பேரும் மூட்டையும் ஏறினா மலையில பிப்டி இழுக்காது."

தடுக்கப் பார்க்கிறான் என்று அச்சிமுகம்மது மனதில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

சுல்பிகா வாழையிலையில் சோறு கட்டிக் கொடுத்தாள். வாசல் வரை வந்து, "வாப்பா, அவரக் கொஞ்சம் கவனமாப் பாத்துக்கங்க" என்றாள்.

"அதுக்குத்தான் மகள் போறன்" என்றார்.

பொத்துவில் வரை தரை பாய் விரித்தது போல இருந்தது. பிப்டி பாடிக்கொண்டு போனது. பின்னால் சாறன் மூட்டை, முன்னால் ஜவுபர், நடுவில் அச்சிமுகம்மது, சாட்சிக் கூண்டில் அடைத்து வைத்தது போல. வழியில் வந்த ஒவ்வொரு வாசலையும் அவர் கவனித்தார். தேத்தண்ணிக் கடை, சைக்கிள் கடை, கிடுகு வேலி, ஒரு வேலியில் காய்ந்த சிவப்புப் பாவாடை. பிப்டி ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. சியம்பலாண்டுவையிலும் அப்படித்தான். மொனராகலையில் பள்ளிவாசலைக் கண்டு நின்றது, ஆனால் அது ஜவுபர் பிறேக் பிடித்து நிறுத்தியது. அவனுடைய காலை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். லுஹர் தொழுதார்கள். தொழுகையில் அவர் கேட்ட துஆ, பிப்டி ஊமையாக இருக்கவேண்டும் என்பது.

வெல்லவாயைத் தாண்டியதும் மலை ஆரம்பித்தது.

கல்முனைக்குடிக்காரர்களுக்குத் தெரிந்த உயரம் மூன்று. தென்னை, பள்ளி மினாரா, சாகாமத்துக் குளக்கட்டு. சூறாவளிக்குப் பிறகு தென்னை போய் இரண்டுதான். சாகாமத்துக் கட்டில் வண்டி ஏற்றும்போதே அச்சிமுகம்மது பிஸ்மி சொல்லி ஏற்றுகிறவர். இங்கே றோட்டு படுத்திருக்கவில்லை, எழும்பி நின்றது.

பிப்டி பாட்டை நிறுத்தி இருமத் தொடங்கியது. ஜவுபர் முதலாம் கியருக்கு வந்தான். கல்முனையில் முதலாம் கியர் என்பது படலையைத் தாண்டும் வரைக்கும்தான், பிறகு அதை யாரும் நினைப்பதில்லை. இங்கே அதற்குக் கீழே இன்னொன்று இருந்தால் நல்லது என்று ஜவுபரின் குதிக்கால் தேடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு ஏற்றத்திலும் அச்சிமுகம்மது பின்னுக்குச் சறுக்கி மூட்டையில் முட்டினார். மூட்டை பின்னுக்குச் சறுக்கிக் கயிற்றை இழுத்தது. கயிறு சீற்றின் வாலை இழுத்தது. அவருக்குக் கீழே எங்கேயோ நூல்கள் முனகின.

ஒரு வளைவில் தலையில் விறகுக்கட்டு வைத்த கிழவி ஒருத்தி அவர்களை முந்தினாள். முந்தும்போது ஓரக்கண்ணால் பார்த்து, "அந்த மூட்டையையும் எந்தலையில ஏத்தி விடுங்க தம்பி. மேல கொண்டுபோய் வச்சிர்றேன்" என்றாள். ஜவுபர் வேண்டாம் என்றான். அடுத்த வளைவுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய வீட்டுக் கூரையில் புகை எழும்பி, சோறு கொதிக்கும் மணம் வந்தது.

இன்னொரு வளைவில் அச்சிமுகம்மது முன்னால் ஒரு சிவப்பு விளக்கைக் கண்டு, "அந்தா, நம்மளப் போல இன்னொருத்தனும் மினக்கெட்டுப் போறான்" என்றார். வளைவு அவ்வளவு இறுக்கம். அது அவர்களுடைய பின்விளக்கு.

கடைசியில் அவர் இறங்கி நடந்தார். மூன்று வளைவு நடந்தார். நடந்தவர் முந்திப் போய், ஒரு கல்லில் உட்கார்ந்து, வெற்றிலை மடித்து வாயில் போட்டு, பிப்டி வந்ததும் ஏறிக்கொண்டார். ஏறுவதற்காக அது நிற்கும் போதெல்லாம் வண்டிக்காரப் பழக்கத்தில் பின் ரயருக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்தார். ஒரு தடவை தன்னை மறந்து "ஹை, ஹை" என்று சொல்லி, வால் என்று நினைத்து நம்பர் தகட்டையும் முறுக்கிவிட்டார். அது கொஞ்சம் வேகமாகப் போனது போலத்தான் இருந்தது.

எல்ல ஊருக்கு இரண்டு மைல் இருக்கும்போது அது நடந்தது.

அச்சிமுகம்மது அந்த நேரம் ஜவுபரின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்றோல் முறுக்கு முழுக்கத் திறந்திருந்தது. கால் பிறேக்கில் இல்லை. பிப்டி இரண்டு தரம் இருமி, மெல்ல இடதுபக்கம் சாய்ந்து, ஒரு வாசலில் நின்றது.

வாசல் ஓரத்தில் பலா மரம். அதன் கீழே உட்கார ஒரு வாங்கு. உள்ளே தாழ்ந்த ஓட்டு வீடு. எஞ்சின் சத்தம் அடங்குவதற்குள் வீட்டுக்குள்ளேயிருந்து ஒரு பெண் வாளியோடு வந்தாள். அச்சிமுகம்மது வாளியைத்தான் முதலில் பார்த்தார். போடியாருடைய வாசலிலும் வாளிதான் வந்தது.

"வாங்க நானா. இன்னைக்கிச் சொணங்கிருச்சே" என்றாள் அவள்.

ஜவுபர் தொப்பியைக் கழற்றிப் பலா மரத்தில் இருந்த ஆணியில் மாட்டினான். ஆணியை அவன் பார்க்கவில்லை. கை தானாகப் போனது. ஒருவன் பார்க்காமல் தொப்பி மாட்டுகிற ஆணி அவனுடைய வீட்டில்தான் இருக்கும். அச்சிமுகம்மது பத்திக்குக் குடிவந்து ஒன்றரை வருஷமாகியும் இன்னும் தன்னுடைய ஆணியைத் தடவித்தான் தேடுகிறார்.

"இவுங்க யாரு?"

"என்ட மாமா. பொஞ்சாதிட வாப்பா" என்றான் ஜவுபர்.

அவள் முக்காட்டை இழுத்துவிட்டாள். இருபத்தெட்டு வயது இருக்கும். முக்காட்டு ஓரத்தில் ஓர் ஊசி குத்தியிருந்தது. ஊசியில் நீல நூல்.

"அப்ப இஞ்சி தட்டிப்போட்டுத் தேத்தண்ணி ஊத்துறேன்."

"வேணா. வயித்துக்கு ஒத்துக்காது" என்றார் அச்சிமுகம்மது.

"காலயில நாலு குடிச்சீங்களே மாமா."

"அது கீழ. இது மேல." அவர் வாங்கின் நுனியில், எழும்பி ஓடுவதற்கு வசதியாக உட்கார்ந்தார். "புள்ளட பேரென்ன?"

"முனவ்வறா."

"மாப்புள?"

"பதுளைக்குப் போயிருக்காரு."

"எப்ப வருவார்?"

"வருவாரு. இந்த நேரத்துக்கு எப்பவும் இருக்கமாட்டாரு."

அவள் எஞ்சினில் தண்ணீர் ஊற்றினாள். அது சீறிக்கொண்டு ஆவி விட்டது. பிறகு சீற்றின் பின்பக்கத்தைக் கையால் அமுக்கிப் பார்த்து, "தையல் நல்லாத் தாங்குது" என்றாள்.

"தாங்கிது, தாங்கிது" என்றார் அச்சிமுகம்மது.

அவள் உள்ளே போனதும் மருமகனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மருமகன், இந்த வாசல்ல ஏன் நிண்ட நீங்க?"

"நான் நிக்கல்ல மாமா. பிப்டி நிண்டிச்சி."

"அதத்தான் நானும் சொல்லுறன்."

"அது எப்பவும் இதுலதான் நிக்கிம்."

"எப்பவுமா?"

"ஒரு தரமும் தவறாது."

"மயிலையும் ஒரு தரமும் தவறல்ல."

"மயிலை ஆரு மாமா?"

"மறுகா சொல்லுறன். பள்ளியில வச்சிச் சொல்லுறன்."

ஜவுபருக்கு ஒன்றும் விளங்கவில்லை, அல்லது விளங்காதவன் போல இருந்தான். அச்சிமுகம்மது பலா மரத்தில் சாய்ந்துகொண்டார். ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. மரைக்காயர் இரண்டு கேட்பார். இரண்டாவது கிடைக்கக்கூடாது என்று ஒரு மனம் சொன்னது. அது எங்கேயிருந்து வரும் என்று அவருடைய கண் தேடிக்கொண்டும் இருந்தது. சுல்பிகாவிடம் இதை எப்படிச் சொல்வது, சோற்றுக்கு முன்னாலா பின்னாலா என்பது வரை யோசித்துவிட்டார்.

அப்போது கீழேயிருந்து ஓர் இருமல் கேட்டது. வளைவில் இன்னொரு பிப்டி வந்தது. பச்சை நிறம், பின்னால் கருவாட்டுச் சாக்கு. ஓட்டி வந்த தடித்த மனிதர் முறுக்கை முறுக்கியபடியே இருக்க, அது இரண்டு தரம் இருமி, இடதுபக்கம் சாய்ந்து, அதே வாசலில் நின்றது. அவர் இறங்கி, பார்க்காமலே கையை நீட்டி, ஜவுபரின் தொப்பிக்கு மேலே தன் தொப்பியை மாட்டினார். முனவ்வறா வாளியோடு வந்து, "வாங்க றஸாக் நானா" என்றாள்.

அச்சிமுகம்மது ஆணியில் இருந்த இரண்டு தொப்பியையும் எண்ணிப் பார்த்தார். ஒரு வாசலில் இரண்டு வண்டி. மாடு பூட்டிய முப்பத்தாறு வருஷத்திலும் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. எழும்பிப் போய்ப் பச்சைப் பிப்டியின் சீற்றைப் பார்த்தார். பின்பக்கத்தில் நீலத் துண்டு. எறும்பு வரிசை.

"என்ன மாமா, கருவாடு மணக்கிதா?" என்றார் சாய்ந்தமருது றஸாக்.

"தம்பிட சீற்றும் கிழிஞ்சிட்டோ?"

"இந்த மலையில ஏறினா ஆருட சீற்தான் கிழியாது?"

அவர் அதற்கு மேல் கேட்பதற்குள், மேலேயிருந்து இறங்கிய பஸ்ஸில் மெலிந்த மனிதர் ஒருவர் வந்து இறங்கினார். கையில் பார்சல். மரத்தடிக்கு வந்து ஆணியைப் பார்த்து, "என் சொந்த மரத்துல எனக்கு ஒரு ஆணி மிச்சம் வைக்கமாட்டீங்களா?" என்று சலித்துக்கொண்டு, தொப்பியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். முனவ்வறா பார்சலை வாங்கிப் பிரித்தாள். உள்ளே சீற்றுத் துணி, நீல நிறம், ஒரு யார்.

அவர் பெயர் ஸலாஹுதீன். முனவ்வறாவின் மாப்பிள்ளை.

அச்சிமுகம்மது அவரை வாங்கில் தன் பக்கத்தில் இருத்தி, மாட்டின் பல்லைப் பார்க்கிறவர் போல முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, நீங்க இந்த இடத்துல வீடு கட்டினது ஏன்?"

"முன்ன மேல ஒரு மைல் தூரத்துல இருந்தோம் மாமா. கடக்கரைலருந்து ஏறுற பிப்டி எல்லாம் இந்தப் பக்கத்துலதான் சூடாகி மூச்ச விடும். கூப்பிடுற சத்தம் கேக்கும். தண்ணியத் தூக்கிட்டு இறங்கி வந்து இறங்கி வந்து காலு போச்சு. அப்பறம் மூணு மாசம் கல்லு வச்சுப் பார்த்தேன்."

"என்ன கல்லு?"

"ஒவ்வொரு பிப்டியும் நிக்கிற இடத்துல ஒரு கல்லு. கடைசியில பார்த்தா எல்லாக் கல்லும் ஒரு பாய் அகலத்துக்குள்ள கெடந்துச்சு. அந்த இடத்துக்கு நேரா வாசல வச்சு வீட்டக் கட்டிட்டேன். தண்ணி சும்மா. தேத்தண்ணிக்கும் தையலுக்கும் மட்டும் காசு."

"தையல்?"

"ஏத்தத்துல மூட்டை பின்னால இழுக்கும். கயிறு சீற்றோட வாலக் கிழிக்கும். எல்லாருக்கும் ஒரே இடந்தான்."

அச்சிமுகம்மது உடனே நம்பிவிடவில்லை. நம்புவதற்கு ஆசையாக இருந்ததால் கூடுதலாகச் சந்தேகப்பட்டார்.

"இண்டைக்கு நாங்க ரெண்டு பேர் வந்தம். பாரம் கூட. அப்ப இன்னும் கீழயல்லோ நிண்டிரிக்கோணும்?"

ஸலாஹுதீன் யோசித்தார். "நீங்க வழியில எறங்கி நடந்தீங்களா?"

"மூணு வளைவு."

"அப்ப சரியாப் போச்சு."

அச்சிமுகம்மது விரல் விட்டு மூன்று வளைவையும் நினைத்துப் பார்த்தார். சரியாகத்தான் போனது. அத்தனை வருஷக் கொள்கை ஒன்று பலா மரத்தடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. பிறகு அவர் உள்ளே பார்த்துச் சொன்னார்:

"மகள், அந்த இஞ்சித் தேத்தண்ணி இரிக்கிதா?"

மூன்று கோப்பை குடித்தார். இரண்டாவது கோப்பையில், "பொம்புள தைச்சா எண்டு நேரா சொன்னா என்ன மருமகன்?" என்று கேட்டார்.

"சொல்லியிரிந்தா நீங்க உருளக்கிழங்கு விதைக்கு வெளிக்கிட்டிரிப்பீங்க."

"சொல்லாட்டியும் வெளிக்கிட்டன்தானே."

"ஓம் மாமா. அதான் நானும் யோசிக்கிறன்."

றஸாக் சிரித்ததில் கோப்பைத் தேத்தண்ணி கருவாட்டுச் சாக்கில் சிந்தியது.

பண்டாரவளையில் சாறன் ஒன்று மிச்சமில்லாமல் போனது. அச்சிமுகம்மது வேறு வழியில்லாமல் ஐந்து இறாத்தல் விதைக்கிழங்கு வாங்கினார். குளிருக்கு இரண்டு சாறன் உடுத்துப் படுத்தார். மறுநாள் காலை கிழங்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு பிப்டியில் ஏறினார். மனம் மடியைவிட லேசாக இருந்தது. மனைவியிடம் தையல்காரன்தான் தைத்தான் என்று சொல்லிவிடுவது, பிள்ளை பிறந்ததும் முனவ்வறாவுக்கு ஒரு மருதமுனைச் சேலை அனுப்புவது என்று முடிவுசெய்தார்.

எல்லயைத் தாண்டியதும் ஜவுபர் எஞ்சினை நிறுத்தினான். இறக்கத்தில் எல்லாரும் அப்படித்தான், பெற்றோலை மலையே மிச்சம் பிடித்துக் கொடுக்கும். சத்தமில்லாமல் காற்று மட்டும் காதில் இரைந்தது. மரங்கள் மேல்நோக்கி ஓடின. ஏற்றத்தில் அவர் நடந்த நடையைவிட இது நூறு மடங்கு வேகம்.

"கிழவி வருவாவோ மருமகன்?" என்று கேட்டார்.

"இண்டைக்கு அவக்கு நம்மளப் புடிக்க ஏலாது மாமா."

இருவரும் சிரித்தார்கள். தூரத்தில் பலா மரம் தெரிந்தது. அந்த இடத்தில் இறக்கம் ஓர் அங்குலமும் குறையவில்லை. எஞ்சின் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது. ஜவுபரின் கை பிறேக்கில் இல்லை. கால் இருக்கிறதா என்று அச்சிமுகம்மது கிழங்குப் பைக்கு மேலால் குனிந்து பார்த்தார், காலும் இல்லை.

பிப்டி வலதுபக்கம் திரும்பி, றோட்டைக் கடந்து, முனவ்வறாவின் வாசலில் நின்றது.